கபிண்டாவுக்கு வெட்டிய புள்ளி: வினாத்தாள் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி அனைவருக்கும் வணக்கம்.

போன தவணைப் புவியியல் வினாத்தாளில் வந்த ஆபிரிக்கப் படத்தைப் பற்றிப் பெற்றோர் ஏற்கெனவே உங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். முழுக் கதையையும் நான் திரும்பச் சொல்லவில்லை. ‘அங்கோலாவை நிழற்றிக் காட்டுக’ என்றீர்கள். அங்கோலாவின் பெருநிலத்தோடு ஒட்டாமல் வடக்கே தனியே கிடக்கும் துண்டான கபிண்டாவையும் சேர்த்து நிழற்றிய பிள்ளைகளுக்குப் புள்ளி வெட்டினீர்கள். அந்தப் புள்ளியைத் திருப்பித் தாருங்கள். கேட்பது அவ்வளவுதான்.

என்னிடம் ரியூசன் படிக்கும் பிள்ளை ஒருத்தியின் விடைத்தாள் இப்போது என் மேசையில் கிடக்கிறது. போட்டோ கொப்பியைப் பார்த்து எடுத்த போட்டோ கொப்பி அந்தப் படம். கொங்கோ ஆற்றின் முகத்துவாரம் முழுக்க மை அப்பியிருக்கிறது. அந்தக் கறைக்கு மேலே, விரல் நகத்தில் பாதிகூட வராத துண்டைத் தேடிப் பிடித்து, பென்சிலைக் கூராகச் சீவி, கோடு தாண்டாமல் நிழற்றியிருக்கிறாள். அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். பக்கத்தில் ‘பிற நாடு’ என்று எழுத்து. “அப்ப அட்லஸ் பிழையா சேர்?” என்று கேட்கிறாள். நீங்களே சொல்லுங்கள், நான் என்ன சொல்ல?

கபிண்டா பிற நாடு அல்ல, ஐயா. அங்கோலாவின் மாகாணம். ஏழாயிரம் சதுர கிலோமீற்றருக்கு மேல் பரப்பு. நமது திருகோணமலை மாவட்டத்தைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். கண்ணில் படாமல் போகிற அளவில்லை. 1884–85இல் ஐரோப்பிய வல்லரசுகள் பெர்லினில் கூடி ஆபிரிக்காவைப் பங்குபோட்ட காலத்தில், பெல்ஜிய மன்னர் லெயோபோல்டின் கொங்கோவுக்குக் கடலோரம் வேண்டும் என்று முகத்துவாரத்தையொட்டிய கீற்றைக் கொடுத்தார்கள். 1885இல் சிமுலாம்புக்கோ உடன்படிக்கையோடு கபிண்டா போர்த்துக்கேயர் கைக்குப் போனது. நடுவில் கொங்கோ, இரு பக்கமும் போர்த்துக்கல். 1975இல் அங்கோலா விடுதலை பெற்றபோது அந்தத் துண்டும் அதனோடு சேர்ந்தது. தங்களைக் கேட்காமல் சேர்த்தார்கள் என்று கபிண்டாவில் ஆயுதம் தூக்கியவர்கள் உண்டு. அது இன்னொரு மடலுக்கு உரியது.

எங்கேயோ இருக்கும் அரசுகள் ஊரைக் கைமாற்றிக் கோடு போடுவதை விளங்கிக்கொள்ள எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கோணேசர் கோயிலுக்குப் போவதென்றால் கோட்டை வாசலால்தான் போகவேண்டும். 1624இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1782இல் ஜனவரியில் ஆங்கிலேயர், ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர். அப்புறம் ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு கையெழுத்து, மறுபடியும் ஒல்லாந்தர். 1948இல் நாடு சுதந்திரம் பெற்ற பிறகும் 1957 வரை துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்தது. இங்கே தங்களுக்குள் சண்டை பிடித்த அதே ஒல்லாந்தரும் போர்த்துக்கேயரும் 1859இல் திமோர் தீவைப் பிரித்துக்கொண்டார்கள். அதனால்தான் கிழக்குத் திமோரின் ஒயேகுசி இன்றும் இந்தோனேசிய மண்ணுக்கு நடுவே தனியே நிற்கிறது.

அவ்வளவு தூரம் வேண்டாமென்றால் காரைக்காலைப் பாருங்கள். தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு நடுவே இருந்துகொண்டு புதுச்சேரியின் ஆட்சியில் இருக்கிறது, பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன கணக்கு. ஏனாம் ஆந்திராவில், மாஹே கேரளக் கரையில். உங்கள் புள்ளித் திட்டத்தின்படி இவையெல்லாம் புதுச்சேரிக்குப் ‘பிற நாடு’தான் போலும்! அங்கே போய் வினாத்தாள் தயாரிக்காதவரை நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் கைக்கு வரும் படங்கள் எப்போதும் இப்படித்தான். ஆறு எது, எல்லை எது, மடிப்பு விழுந்த கோடு எது என்று தெரியாது. கிராமத்துப் பள்ளிகளில் அட்லஸ் ஒன்றை வகுப்பே சுற்றிச் சுற்றிப் பார்க்கிறது. படம் தெளிவாக அச்சிடக் காசில்லை என்றால் சரி, பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் அப்படிப்பட்ட படத்திலும் சரியான இடத்தைக் கண்டுபிடித்தவளின் புள்ளியை வெட்டுவது என்ன நியாயம்?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. உங்கள் வேலைப்பளு தெரியும். புள்ளித் திட்டம் ஒருவர் மட்டும் போடுவதில்லை என்பதும் தெரியும். தயவுசெய்து புள்ளித் திட்டத்தில் கபிண்டாவைச் சேர்த்து, அந்த ஒரு வினாவை மட்டும் எல்லாப் பாடசாலைகளிலும் மறுபடி திருத்தச் சொல்லுங்கள். அடுத்த தவணை அறிக்கை வீட்டுக்குப் போவதற்கு முன் செய்தால் பெரிய உதவி.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை