சுருக்குப்பையை மீட்டுத் தந்த தங்கச்சிக்கு

ஏரல்
30.12.2023

அன்புள்ள எல்லோருக்கும்,

வீட்டுக்குள் கிடந்த சேற்றைக் கழுவி முடித்து, நேற்று இரவுதான் தரையில் பாய் விரித்துப் படுத்தோம். சுவரில் என் தலைக்கு மேலே ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. வெள்ளம் வந்த அன்று நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது என்று நீங்களும் படித்திருப்பீர்கள். தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. நன்றி சொல்வதற்காக மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு என்று தள்ளினால் பிழைப்பு இழுத்துக்கொண்டு போய்விடும், சொல்லாமலே இருந்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

கடலில் ஓட்டும் படகை லாரியில் ஏற்றி வந்து எங்கள் தெருவில் இறக்கிய மீனவச் சகோதரர்களே, என் மாமியாரை நாற்காலியோடு தூக்கி, தலையில் ஒரு துளி தண்ணீர் படாமல் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். எதிர்வீட்டு ஆச்சி, உங்கள் மாடியில் நாங்கள் 31 பேர் இருந்தோம். ஒவ்வொருவராக நனைந்து ஏறி வரும்போதெல்லாம் “நெருக்கி உட்காருங்கள், இடம் இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் கோயில் மண்டபத்திலும் அண்டா ஏற்றிச் சமைத்தவர்கள், சரிந்த கம்பங்களைத் தோளில் சுமந்து வந்து நட்ட மின்வாரிய ஊழியர்கள், சர்க்கரை மாத்திரையைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்த செவிலியர், எங்கிருந்தோ மோட்டார் சைக்கிளில் வந்து குடிதண்ணீர் கேன்களை வைத்துவிட்டுப் பேர்கூடச் சொல்லாமல் போன பையன்கள் என்று எத்தனை பேர்! உங்கள் எல்லோருக்கும் இரண்டு கைகளையும் கூப்பி நன்றி சொல்கிறேன். ஒவ்வொருவரைப் பற்றியும் தனியாக ஒரு மடல் எழுதலாம். ஆனால் இந்த மடலின் பெரும்பகுதியை ஒருவருக்காக எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் தவறாக நினைக்கமாட்டீர்கள் என்று தெரியும்.

அவர் வேறு மாவட்டத்திலிருந்து இங்கே வரவழைக்கப்பட்ட தூய்மைப் பணியாளர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்னை அக்கா என்று கூப்பிட்டார், நான் தங்கச்சி என்று கூப்பிட்டேன். அப்படியே எழுதுகிறேன்.

தண்ணீர் வடிந்ததும் வீட்டில் இருந்ததையெல்லாம் தெருவில் கொண்டுவந்து குவித்தோம். பஞ்சு மெத்தை, ஊறிப் புளித்த அரிசி, பிள்ளைகளின் சான்றிதழ்கள் இருந்த பை, தையல் மெஷினின் மேல்பலகை. அம்மாவின் டிரங்குப் பெட்டியும் அந்தக் குவியலில் கிடந்தது. சேறு இறுகி மூடி திறக்கவில்லை. அசைத்தால் உள்ளே தண்ணீர் தளும்பியது. அம்மா போய் ஆறு வருடங்கள் ஆகின்றன. சேலைகள் நாறிப்போயிருக்கும், அதைத் திறந்து பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை. அப்படியே தெருவுக்குத் தள்ளிவிட்டேன்.

மறுநாள் காலையில் டிராக்டர் வந்தது. கொஞ்ச நேரத்தில் தங்கச்சி வாசலில் வந்து நின்றார். பெட்டியைத் தூக்கும்போது மூடி கழன்றுவிட்டதாம். ரப்பர் கையுறை போட்ட இரண்டு கைகளிலும் சேறு வழியும் ஒரு கட்டியை ஏந்தியிருந்தார். அதில் ஒரு மூலை மட்டும் துடைக்கப்பட்டிருந்தது. அங்கே பூவேலை செய்த பாவாடை கட்டிய ஒரு நரி தெரிந்தது.

“அக்கா, இது பிள்ளைகள் புத்தகம் போலிருக்கிறது. வண்டியில் போடவா?”

அந்த நரியை எனக்கு நாற்பது வருடங்களாகத் தெரியும். ஆனாலும், “போட்டுவிடுங்கள் தங்கச்சி, இனி ஒன்றுக்கும் ஆகாது” என்றுதான் சொன்னேன். அன்றைக்கு முதல்நாள்தான் கல்யாண ஆல்பத்தைப் பிரித்துப் பார்த்திருந்தேன். வழவழப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்த இடத்தில் எல்லாம் முகங்கள் உரிந்து வந்தன. இன்னொன்றையும் அப்படிப் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது. சொல்லிவிட்டுச் சேறு தள்ளப் போய்விட்டேன். அவர் வண்டியில் போட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

அவர் போடவில்லை.

அது என்ன புத்தகம் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா பஸ் கண்டக்டர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் திருநெல்வேலியில், நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் சோவியத் புத்தகங்களைப் பரப்பி வைத்து விற்ற இடத்தில் மழைக்கு ஒதுங்கியிருக்கிறார். சட்டைப்பையில் இருந்த சில்லறைக்கு ஒரு படப்புத்தகம் வாங்கி வந்தார். மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி வந்த புத்தகங்கள் அப்போது நிறையக் கிடைத்தன. அப்பா எடுத்ததோ ஆங்கிலத்தில் இருந்தது. படத்தைப் பார்த்து மயங்கி எடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்கள் அன்று யாரும் இல்லை.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆறுமுகநேரிப் பக்கம் பிறந்து, கல்யாணம் ஆகும்வரை உப்பளத்தில் உப்பு வாரியவள். அவள் படங்களை மட்டும் பார்த்துக் கதை சொன்னாள். முதல் பக்கத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை. அது பனி. அம்மா பனியைப் பார்த்ததில்லை, அவளுக்குத் தெரிந்த வெள்ளைத் தரை ஒன்றுதான். அதனால் எங்கள் வீட்டுக் கதை இப்படித் தொடங்கும்: “ஒரு தாத்தா நாயைக் கூட்டிக்கொண்டு உப்பளத்து வழியாகப் போனார். போகும்போது தன் சுருக்குப்பையைத் தவறவிட்டார்.” குளிருக்குப் போடும் கம்பளிக் கையுறை அம்மாவுக்குச் சுருக்குப்பையாகத் தெரிந்தது. தாத்தாவின் கையில் அது இருந்தால் வெற்றிலை பாக்கு வைத்திருப்பார் என்பதில் எனக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அந்தப் பைக்குள் முதலில் ஒரு எலி வந்து குடியேறும். பிறகு தவளை, முயல், பாவாடை கட்டிய நரி, ஓநாய், காட்டுப்பன்றி, கடைசியில் கரடி. பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பை வீடாக மாறிக்கொண்டே வரும். அடியில் முட்டுக் கொடுத்திருக்கும், ஏணி சாத்தியிருக்கும், ஜன்னல் வந்துவிடும், புகைபோக்கியில் புகை வரும். ஒவ்வொரு மிருகமும் வெளியே நின்று, “உள்ளே இடம் இருக்கிறதா?” என்று கேட்கும். உள்ளே இருப்பவை எல்லாம் சேர்ந்து, “நெருக்கி உட்கார்ந்தால் இடம் இருக்கும்” என்று சொல்லும். அந்த இடத்தில் அம்மா என்னையும் தம்பியையும் இரண்டு பக்கமும் இழுத்து இறுக்கிக்கொள்வாள். அவள் சேலையில் சீயக்காயும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாசனை இருக்கும்.

ராத்திரிக்கு ராத்திரி கதை கொஞ்சம் மாறும். நேற்று முயல் அப்படிச் சொல்லவில்லையே என்று நான் அழுவேன். அந்த அழுகைக்கு முடிவு கட்டத்தான் அம்மா ஒருநாள் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பென்சிலால் தமிழில் கதையை எழுதிவைத்தாள். ஆங்கில எழுத்துகளுக்கும் பக்கத்தின் விளிம்புக்கும் நடுவே, குண்டு குண்டாக, ஒற்று விட்டுவிட்டு, கோணலாக ஏறும் வரிகள். அம்மா எழுதியவை என்று என்னிடம் இருந்தது அவ்வளவுதான். ரேஷன் கார்டு விண்ணப்பத்தில் போட்ட கையெழுத்தைத் தவிர வேறு எங்கும் அவள் எழுதியதை நான் பார்த்ததில்லை.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் நானே எழுத்துக்கூட்டி அந்த ஆங்கிலத்தைப் படித்தேன். உப்பும் இல்லை, பையும் இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. அது உக்ரைன் நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதை என்றும், வரைந்தவர் எவ்கெனி ராச்செவ் என்றும் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டேன். அந்த மண்ணில் இப்போது இரண்டாவது வருடமாகப் போர் நடக்கிறது. வீட்டை விட்டு ஓடி, அடுத்தவர் கூரைக்குள் நெருக்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம் இந்தப் புத்தகம்தான் எனக்கு நினைவுக்கு வரும். ஆச்சியின் மாடியில் இருந்த இரண்டு இரவுகளிலும் வந்தது.

இனி தங்கச்சியிடம் வருகிறேன்.

நான்காம் நாள் மாலை வேலை முடிந்து அவர் வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். “அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போடச் சொன்னீர்கள். எனக்கு மனம் வரவில்லை” என்று சொல்லிக்கொண்டே பிரித்தார். பக்கத்துக்கு ஒரு செய்தித்தாள் துண்டு வைத்து, புத்தகம் உப்பிப் பெருத்திருந்தது. நரி இருந்தது. முயல் இருந்தது. ஓரமெல்லாம் பழுப்பேறி, அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுந்து, நடுவில் குத்தியிருந்த கம்பி துருப்பிடித்து இரண்டு பக்கங்களில் செம்மை படிந்திருந்தது. ஆனாலும் எல்லாப் பக்கங்களும் இருந்தன.

அப்பா பேனாவால் எழுதியிருந்த பெயரும் தேதியும் கரைந்து ஒரு நீலக் கறையாகியிருந்தன. அம்மாவின் பென்சில் வரிகளில் ஓர் எழுத்துகூடக் கரையவில்லை.

எப்படி என்று கேட்டேன். அவர்கள் தங்கியிருந்த மண்டபத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுவதற்காகப் பழைய செய்தித்தாள் அடுக்கியிருந்ததாம். அதில் கொஞ்சம் கேட்டு வாங்கியிருக்கிறார். முதல் நாள் ராத்திரி நல்ல தண்ணீரில் புத்தகத்தை மூடியபடியே அலசி, வடியவிட்டு, புதுத் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, அதைப் பக்கங்களுக்கு நடுவே மெதுவாக விட்டு ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார். கையால் பிரித்தால் கிழியும் என்றார். நடுராத்திரியில் எழுந்து ஈரத்தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாள் வைத்திருக்கிறார். விடியும்போது மறுபடியும். பகலெல்லாம் சேறு அள்ளிவிட்டு வந்து, மூன்று ராத்திரி.

“வெயிலில் போட்டிருக்கலாமே?” என்றேன்.

“வெயிலில் போட்டால் சுருண்டுவிடும் அக்கா. எங்கள் வீடு ஒழுகும். ஐப்பசி வந்தால் பையனின் பாடப்புத்தகம் வருடா வருடம் நனையும். இப்படித்தான் காய வைப்பேன். பழகிவிட்டது.”

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளம் வந்த நாளில் இருந்து நான் அழவில்லை, அப்போதுதான் அழுதேன். அவர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இதில் என்ன கதை அக்கா? படம் பார்த்து எனக்குப் பிடிபடவில்லை” என்று கேட்டார்.

அம்மா எழுதியிருந்ததை அப்படியே வாசித்தேன். தாத்தா உப்பளத்து வழியாகப் போனார், சுருக்குப்பையைத் தவறவிட்டார் என்றதும் அவர் குனிந்து படத்தைப் பார்த்தார். “இது பை இல்லை அக்கா, கையுறை. பெருவிரலுக்குத் தனியாக இடம் விட்டிருக்கிறதே” என்று மடியில் இருந்த தன் கையுறையைத் தூக்கிப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். நாற்பது வருடங்களில் எங்கள் வீட்டுக்கு வந்த யாரும், ஆங்கிலம் படிக்காமல், படத்தை மட்டும் பார்த்து அதைச் சொன்னதில்லை. நாளெல்லாம் கையுறை போட்டு அடுத்தவர் வீட்டுச் சேற்றை வாரும் கைக்குத்தான் அது தெரிந்தது.

முழுவதும் கேட்ட பிறகு ஒரு கேள்வி கேட்டார். “தாத்தா திரும்ப வந்து கேட்டால் இவையெல்லாம் எங்கே போகும்?”

ஆங்கிலக் கதையில் தாத்தா திரும்பி வருவார், நாய் குரைக்கும், எல்லா மிருகங்களும் பயந்து காட்டுக்குள் ஓடிவிடும். அம்மா கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பது வேறு. அதைக் காட்டினேன். “தாத்தா பாத்தார். சரி இருக்கட்டும் என்றார். வீட்டுக்கு போய் வேர பை தைத்துகொண்டார்.” பிழைகளோடு அப்படியே இருக்கிறது. தங்கச்சி அந்த வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “உங்கள் அம்மா நல்லவர்கள் அக்கா” என்று சொல்லிவிட்டு எழுந்தார். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. ஒரு டம்ளர் கறுப்புக் காப்பி மட்டும் குடித்தார். வீட்டில் அன்றைக்குப் பால் இல்லை.

நேற்றுமுன்தினம் அவர்கள் வண்டி ஊருக்குத் திரும்பிவிட்டது.

தங்கச்சி, இந்த மடலை யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எங்கள் தெருவைச் சுத்தம் செய்தது உங்கள் வேலை, அதற்கு ஊரே கடன்பட்டிருக்கிறது. புத்தகத்தைக் காப்பாற்றியதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. வேண்டாம் என்று நான் சொன்ன பிறகும் செய்தீர்கள். எனக்கு என்ன வேண்டும் என்று அன்றைக்கு எனக்கே தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவின் எழுத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். இதற்கு நான் பதிலுக்கு என்ன செய்தாலும் ஈடாகாது என்றாலும், சும்மா இருக்கவும் முடியாது. ஒரு நோட்டு வாங்கி, ஒரு பக்கத்துக்கு ஒரு படமாக என் மகள் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறாள். படத்துக்குக் கீழே அம்மாவின் வரிகளை நான் எழுதுகிறேன், பென்சிலால். உங்கள் பையனுக்கு. உங்கள் வீட்டுக் கூரையைப் பற்றியும் மாடியில் இருந்த 31 பேரும் பேசியிருக்கிறோம். உங்களைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டோம், ஆனால் அடுத்த ஐப்பசிக்குள் அது ஒழுகக் கூடாது.

தை பிறந்ததும் நானும் மகளும் உங்கள் ஊருக்கு வருகிறோம். நோட்டையும் கொண்டுவருவோம், புத்தகத்தையும் கொண்டுவருவோம், பையனுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன். நீங்கள் சொன்னபடி காலையும் மாலையும் தாள் மாற்றிக்கொண்டிருக்கிறேன். கரடி வரும் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. அதற்குள் காய்ந்துவிடும்.

உங்கள் அக்கா