பேசாமல் காத்திருந்தவர்களுக்கு நன்றி

எங்கள் தெருக்காரர்களுக்கு வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை அப்பா தெருமுனை முடிதிருத்தகத்துக்கு நடந்தே போய், முகம் மழித்துக்கொண்டு, நடந்தே திரும்பினார். இருநூறு அடி தூரம்கூட இராது. ஆனால் அந்த நடையில் உங்களில் பலருக்குப் பங்கு இருக்கிறது.

பார்க்கின்சன் நோய் வந்து ஆறு ஆண்டுகளில் கை நடுக்கம் எங்களுக்குப் பழகிவிட்டது. பழகாதது, சமையலறை வாசலில் அவர் சட்டென்று நின்றுவிடுவதுதான். பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு மட்டும் முன்னால் சாயும். உடனே நாங்கள் நான்கு பேரும், "பார்த்து! காலைத் தூக்குங்கள்! மாத்திரை போட்டீர்களா?" என்று கூச்சலிடுவோம். கால் இன்னும் இறுகிப்போகும்.

தவறு எங்களுடையது என்று புரியவைத்த பிசியோதெரபிஸ்ட் தங்கைக்கு முதல் நன்றி. அப்பா கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தவர் என்று தெரிந்ததும் அவர் கேட்டார்: "ஐயா, நோட்டு எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால்?"

"முதலிலிருந்து எண்ணுவேன்."

"இப்போது உங்கள் நடையும் அப்படித்தான்."

மூளையின் ஆழத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிய அழிய, யோசிக்காமல் நடக்கும் பழக்கம் கைநழுவுகிறதாம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, கவனத்தைச் செலுத்தி அந்த வேலையை இழுத்துச் செய்கிறது. கேள்விக்குப் பதில் தேடவும் அதே பகுதிதான் வேண்டும். தலையில் மாட்டும் கருவியால் ஒளியைச் செலுத்தி, நடக்கும்போதே அந்தப் பகுதியின் உழைப்பை அளக்கிறார்களாம். "ஒரே ஆள், இரண்டு கவுன்ட்டர். வரிசை எப்படி நகரும்?" என்றார் அப்பா.

வாசலில் ஓரடி இடைவெளி விட்டு மஞ்சள் நாடா ஒட்டிக்கொடுத்த எலெக்ட்ரிசியன் தம்பிக்கு நன்றி. வெறுந்தரையில் நகராத கால், கோட்டைக் கண்டால் தாண்டிவிடுகிறது! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்புதான்.

டீக்கடை அண்ணன் முன்பெல்லாம் தூரத்திலிருந்தே, "சார், சௌக்கியமா?" என்று குரல் கொடுப்பார். இப்போது கையை மட்டும் உயர்த்துகிறார். அப்பா பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் நலம் விசாரிக்கிறார். சந்தில் ஹாரன் அடிக்காமல் காத்திருந்த ஆட்டோக்காரர் யாரென்று தெரியவில்லை. அவருக்கும் நன்றி.

குறுகிய இடத்தில் திரும்பினால் கால் உறைந்துவிடும் என்பதால், முடிதிருத்தும் அண்ணன் நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப்போட்டிருந்தார். வேலை முடிந்ததும் அப்பா சட்டைப்பையிலிருந்து பத்து ரூபாய் நோட்டுகளை எடுத்து, நடுங்கும் விரலால் இரண்டு முறை எண்ணினார். அதுவரை கடையில் ஒருவரும் பேசவில்லை.

இப்படிக்கு,
காசாளரின் மகள்