பல்லில் இருக்கும் பாதரசத்தைப் பதறி எடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், பல்லில் பாதரசம் அடைத்தவர்கள் எல்லோரும் அதை உடனே எடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். காரைக்குடியில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கட்டுரை சொன்னது பாதிதான். சொல்லாமல் விட்ட பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

‘வெள்ளி அடைப்பு’ என்று நாம் சொல்லும் சாம்பல் நிற அடைப்பில் ஏறக்குறைய சரிபாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், தூளையும் பாதரசத்தையும் அளந்து அடைத்த கேப்சூல் எல்லாம் எங்களிடம் வரவில்லை. வெள்ளித் தூளையும் பாதரசத்தையும் சிறிய கண்ணாடிக் கல்வத்தில் போட்டு அரைத்து, மிஞ்சிய பாதரசத்தைத் துணியில் வைத்துப் பிழிந்துவிட்டு மருத்துவரிடம் நீட்டுவோம். கையுறை கிடையாது. கீழே சிந்தினால் ஆத்தங்குடிக் கல்லின் இடுக்குகளில் மணிமணியாக ஓடி ஒளிந்துகொள்ளும். துடைப்பத்தால் பெருக்கினால் இன்னும் பொடிப்பொடியாகும். ஆகவே பாதரசம் விளையாட்டுப் பொருள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் பல்லில் இறுகிக் கிடக்கும் அடைப்பின் கதை வேறு. மெல்லும்போது அதிலிருந்து மிகச் சிறிதளவு ஆவிதான் வருகிறது. அதையே டிரில் வைத்துக் குடைந்தால் சூடேறி, ஆவியும் தூளும் சேர்ந்து கிளம்புகின்றன. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020-ல் வெளியிட்ட அறிவிப்பில், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்குப் புதிதாக இதை வைப்பதைத் தவிர்க்கச் சொன்னது. நல்ல நிலையில் இருக்கும் பழைய அடைப்பை மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்காதீர்கள் என்பதும் அதே அறிவிப்பில்தான் இருக்கிறது. கட்டுரையாளர் முன்வரியைப் படித்துவிட்டுப் பின்வரியை விட்டுவிட்டார். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையில் குறித்திருக்கும் 2034 என்ற கெடுவும் பாதரச அடைப்பு வைக்கும் வழக்கத்தை நிறுத்துவதற்குத்தான். வாயில் ஏற்கெனவே இருப்பதை எடுக்க அது யாருக்கும் கெடு வைக்கவில்லை.

எங்கள் வளவில் ஓர் ஆச்சி இருக்கிறார். மலேசியாவில் ஈப்போவில் இருந்த காலத்தில் அடைத்த பற்கள். இன்றும் பாக்கைக் கடித்து மெல்லுகிறார். கட்டுரையைப் படித்துவிட்டு மகன் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போக, அத்தனையையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம், பிறகு ‘விஷ முறிவுக்கு’ மாத்திரையும் தருகிறோம் என்றார்களாம். அந்த மாத்திரைப் பேச்சு வந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். நல்லவேளை, ஆச்சி என்னிடம் வந்தார். இன்னொரு மருத்துவர் பார்த்ததில் ஒன்று மட்டும் விரிசல் விட்டு அடியில் சொத்தை பிடித்திருந்தது. அதை மட்டும் மாற்றினார்.

எப்படி மாற்றினார் என்பதையும் சொல்ல வேண்டும். மெல்லிய ரப்பர் விரிப்பில் துளையிட்டு, அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரியும்படி மாட்டினார். உதவியாளர் உறிஞ்சு குழாயைப் பல்லை ஒட்டியே பிடித்திருந்தார். தண்ணீர் விடாமல் பாய்ந்தது. அடைப்பைத் தூளாகக் குடையாமல் குறுக்கே இரண்டு வெட்டு வெட்டித் துண்டு துண்டாக நெம்பி எடுத்தார். ஜன்னல் திறந்திருந்தது. ஏ.சி. அறையை இறுகச் சாத்திக்கொண்டு இந்த வேலையைச் செய்தால், நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார், காலை முதல் மாலை வரை உள்ளேயே நிற்கும் உதவியாளர் பெண்தான் அந்தக் காற்றைச் சுவாசிப்பாள். இதை எந்தக் கட்டுரையும் எழுதுவதில்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்களை, இருக்கும்போதே பல்லையும் பார்த்துவிடலாம் என்று அழைத்துப் போகும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. வலியும் தொந்தரவும் இல்லாத பழைய அடைப்பை அப்போது தொட வேண்டாம். குழந்தை பால் மறக்கும் வரை பொறுக்கலாம்.

இன்னொன்று, எடுத்த துண்டுகள் எங்கே போகின்றன? வாய் கொப்பளிக்கும் தொட்டி வழியாகச் சாக்கடைக்கும், அங்கிருந்து மழைநீரோடு கண்மாய்க்கும் ஊருணிக்கும் போனால், சேற்றில் உள்ள நுண்ணுயிரிகள் பாதரசத்தை, நரம்பைத் தாக்கும் கொடிய வடிவமான மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும். அது மீனில் ஏறும். ஜப்பானின் மினமாட்டாவில் மீன் தின்ற ஜனங்களை முடக்கியது அந்த மெத்தில் பாதரசம்தான். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு பழைய சாமான் கடையில் கிடந்தது 2001-ல் வெளியே வந்ததும் நமக்கு மறந்திருக்காது. துண்டுகளை இறுக மூடிய பாட்டிலில் தனியாகச் சேர்க்க வேண்டும்; எரிக்கப் போகும் மருத்துவக் கழிவுப் பையில் போட்டால் புகையோடு காற்றில் கலந்துவிடும். தொட்டியின் குழாயில் துகளைப் பிடிக்கும் வடிகட்டியும் இருக்கிறது. அதைப் பொருத்தியிருக்கிறீர்களா என்று மருத்துவரைக் கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

நம் மாவட்டக் கிளினிக்குகளிலிருந்து கழிவு எடுத்துப் போகும் வண்டி, இந்தப் பாட்டில்களைத் தனியாக வாங்கிக்கொள்கிறதா? உங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி விசாரித்து, அடுத்த இதழில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல் மருத்துவ உதவியாளர்,
காரைக்குடி.