காந்தியை ஏமாற்றியவன் எழுதும் மடல்

வியூக கேம்களில் கம்ப்யூட்டர் மன்னர்களுக்கு மூளை எழுதும் புரோகிராமர்களுக்கு,

வணக்கம். வேலூரிலிருந்து எழுதுகிறேன். சரியாகச் சொன்னால் காட்பாடி காந்தி நகர். மே மாதத்தில் வெளியே தலைகாட்ட முடியாத மதியங்களில் இங்கே உட்கார்ந்துகொண்டுதான், ஆளுக்கொரு நாட்டை ஆளும் ‘சிவிலைசேஷன் 5’ கேமில், கம்ப்யூட்டர் ஆட்டும் இந்தியத் தலைவரான காந்தியைப் பலமுறை ஏமாற்றியிருக்கிறேன்.

செய்முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். 2010ல் வந்த அந்தப் பழைய பதிப்பில், டர்னுக்கு (ஆளுக்கு ஒரு முறை ஆடும் சுற்றுக்கு) 8 தங்கம் வீதம் 30 டர்னுக்குத் தருகிறேன், இப்போது மொத்தமாக ஒரு தொகை கொடுங்கள் என்பேன். காந்தி கஜானாவைத் திறப்பார். பணம் கைக்கு வந்த அதே டர்னில் போர் அறிவிப்பேன். போர் வந்தால் ஒப்பந்தம் ரத்து, தவணையும் ரத்து. அவர் காசில் வாங்கிய வில்லாளிகளை அவர் எல்லையிலேயே நிறுத்துவேன். பிறகு சமாதானம். 10 டர்ன் கட்டாய அமைதி முடிந்ததும் அதே பேரத்தோடு போய் நிற்பேன். மனுஷன் மறுபடியும் கஜானாவைத் திறப்பார்.

(அணுகுண்டு காந்தி கதையை இங்கே இழுக்காதீர்கள். முதல் சிவிலைசேஷனில் அவருடைய ஆவேச எண் 1லிருந்து பூஜ்யத்துக்கும் கீழே இறங்கப் போய், சுழன்று உச்சமான 255 ஆகிவிட்டது, அதனால்தான் அணுகுண்டு போடுகிறார் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். அப்படி ஒரு பிழையே கிடையாது என்று அந்த கேமை உருவாக்கிய சிட் மையரே 2020ல் வந்த தன்வரலாற்றில் எழுதிவிட்டார். ஐந்தாம் பாகத்தில் அவருடைய அணுகுண்டு ஆசை அளவுக்கு மீறி 12 என்று இருந்தது தெரிந்தே வைத்த குறும்பு. நான் சொல்வது வேறு காந்தியை, கடன் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவரை.)

எங்கள் தெரு மளிகைக்கடையில் இந்த வித்தை ஒரு தடவைகூடப் பலிக்காது. கணக்கு நோட்டில் பெயர் ஏறிவிடும். பாக்கியை இழுத்தடித்தால் அடுத்த தெருக் கடைக்கும் நமக்கு முன்னாலேயே சேதி போயிருக்கும். உங்கள் மன்னர்களிடம் அந்த நோட்டு இல்லை. எட்டை முப்பதால் பெருக்கத் தெரிகிறது. தருகிறேன் என்பவன் யார் என்று பார்க்கத் தெரியவில்லை.

2013ல் ‘பிரேவ் நியூ வேர்ல்டு’ விரிவாக்கத்தில் இந்த ஓட்டையை அடைத்தீர்கள். நட்பு அறிவித்த நாட்டிடம் மட்டும்தான் மொத்தப் பணம் வாங்கலாம் என்று விதி வந்தது. என் வழக்கே இதன்மேல்தான். ஒரு திருடனுக்காகக் கடையையே பூட்டிவிட்டீர்கள். வாக்குத் தவறாமல் ஆடுகிறவனுக்கும் ஆரம்பத்தில் அவசரத்துக்குக் கைமாற்று கிடைக்காது. காந்திக்கோ புத்தி வரவில்லை, ஒரு பொத்தானை மறைத்துவைத்தீர்கள், அவ்வளவுதான்.

வாக்கை மீறினால் என்ன நடக்கும் என்று எங்கள் பக்கம் பார்த்தாயிற்று. 1769ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் சென்னையில் உடன்படிக்கை செய்தார்கள். ஒருவரை யாராவது தாக்கினால் மற்றவர் உதவ வேண்டும். அடுத்து மராத்தியர் மைசூர்மேல் பாய்ந்தபோது கம்பெனி கைகட்டி நின்றது. என்னைப்போலவே, லாபத்தோடு நழுவிவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். ஹைதர் மறக்கவில்லை. அவர் பாதுகாப்பில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகம் மாஹேயைக் கம்பெனி பிடித்த விவகாரமும் சேர்ந்துகொள்ள, 1780ல் படையோடு ஆற்காடு நவாபின் சீமையில் (அன்றைய ‘கர்நாடிக்’) இறங்கினார். ஆற்காடு விழுந்தது. வேலூர்க் கோட்டைக்குள் கம்பெனிப் படை மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. நடுவில் பதினோரு வருஷம். டர்ன் கணக்கில் எத்தனை என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 1792ல் போரில் தோற்ற ஹைதரின் மகன் திப்பு மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டபோது, கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் வெறும் கையெழுத்தோடு திரும்பவில்லை. திப்புவின் இரண்டு மகன்களைப் பணயமாகக் கூட்டிக்கொண்டு போனார். கொடுமைதான், மறுக்கவில்லை. 1799க்குப் பிறகு திப்புவின் குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்ததும் எங்கள் கோட்டையில்தான். அந்தச் சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது: இந்தப் பேரத்தில் ஈடு என்ற ஒன்று இருந்தது. உங்கள் பேரத் திரையில் அதற்கு இடமே இல்லை.

ஆகவே பொத்தானைத் திருப்பிக் கொடுங்கள், கூடவே ஒரு கணக்கு நோட்டையும். முதல் தடவை ஏமாறட்டும். இரண்டாம் தடவை பாதித் தொகைதான் என்று சொல்லட்டும், இல்லையென்றால் எல்லையோர ஊர் ஒன்றை ஈடாகக் கேட்கட்டும். மூன்றாம் தடவை நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாட்டு பிஸ்மார்க்குக்கும் சேதி போயிருக்கட்டும். கூடுதல் ராணுவமோ இலவசத் தங்கமோ கொடுத்து ஆட்டத்தைக் ‘கடினம்’ ஆக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். கோயிலுக்கு 1981ல் சாமி வந்துவிட்டார். ஞாபகம் இல்லாத ராஜாக்களை மட்டும் இன்னும் நீங்கள்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்று ராத்திரி அந்தப் பழைய பதிப்பில் புது ஆட்டம் தொடங்குகிறேன். காந்தி பக்கத்து நாடாக வந்தால் டர்னுக்கு எட்டு தங்கம் என்று ஆரம்பிப்பேன். கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு கடன்காரன்