வயதைப் பார்க்காமல் புகையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய டீசல் வண்டிகளையெல்லாம் வயது பார்த்துக் கழித்துக்கட்ட வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி, முருங்கைக்காய் ஏற்றும் என் 2006 மாடல் பொலிரோ பிக்கப் ஆறு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இன்ஜினை இன்னும் பிரிக்கவில்லை. காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பும். டீசல் பம்ப் மெக்கானிக்கல் என்பதால் சென்சார் தொல்லை கிடையாது. ஆயிலும் ஃபில்டரும் தவணை தவறாமல் மாற்றுகிறேன். ரேடியேட்டருக்குக் கூலன்ட்தான். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து, இன்ஜின் சூடேறி, ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போய்விடும். பலருடைய வண்டி படுப்பதே இதனால்தான். (பாடி துருப்பிடித்தது வேறு கதை.) எஃப்.சி. எனும் தகுதிச் சான்று சோதனையில் புகையை அளந்து, தேறாத வண்டியை நிறுத்துங்கள், சரி. தேறுகிற வண்டிக்கும் வயது கூடக்கூடக் கட்டணத்தை ஏற்றுவது என்ன நியாயம்?

காய்கறி வண்டி ஓட்டுநர்,
ஒட்டன்சத்திரம்.