எனக்காக இருட்டில் விழித்திருந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கடந்த டிசம்பரில் பினாங்குப் பாலத்து மாரத்தானில் அரை மாரத்தான் தூரத்தை, அதாவது 21.1 கிலோமீட்டரை, 2 மணி 54 நிமிடத்தில் ஓடி முடித்தேன். எனக்கு வயது 41. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் எங்கள் மாரியம்மன் கோவிலை வேகமாக மூன்று சுற்று வந்தாலே மூச்சு வாங்கும். இப்போது எங்கள் ஊரான சுங்கை சிப்புட் பாசாரில் (சந்தையில்) பார்க்கிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா ஓடுனே?" என்று கேட்கிறார்கள். மீன் கடை முன்னால் நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. ஓடியது என் கால்கள்தான். ஆனால் ஓட வைத்தவர்கள் யார் யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பிப்ரவரியில் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி இரத்தம் சோதித்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.0 என்று வந்தது. "இனிப்புநீர் இன்னும் வரல, வாசல்ல நிக்குது" என்றார் டாக்டர். என் அப்பாவுக்கு இனிப்புநீரால் இடது பாதத்தை எடுத்தார்கள். கடைசி நான்கு வருடம் அவர் வாசல் நாற்காலியை விட்டு நகரவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. எனக்கோ நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை. எண்ணெய் ஆலையின் எடைமேடையில் லாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஓடலாமா என்று ஓரிடத்தில் கேட்டபோது, "இந்த உடம்புக்கு ஓட்டமெல்லாம் சரிப்படாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அந்த அழுகையைப் பார்த்தவர் என் அத்தை. என் கணவரின் அம்மா. 72 வயது. முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். "ஏன் ஓட முடியாது? காலையில நாலரைக்கு எழுப்பி விடுறேன், போ" என்றார். எனக்குச் சொன்ன ஆறுதல் அவ்வளவுதான். மறுநாள் நாலரைக்கு எழுப்பியும் விட்டார்.

ஏன் அவ்வளவு காலையில் என்று கேட்டேன். பால்மரம் குளிர்ச்சியில்தான் நன்றாகப் பால் விடும், அதனால்தான் வெட்டுக்காரர்கள் இருட்டிலேயே காட்டுக்குள் இறங்குவார்கள் என்று சொன்னார். "வெயில் ஏறுனா பாலும் நிக்கும், ஆளும் நிப்பா" என்றார். ஓட்டத்துக்கும் அது அப்படியே பொருந்தியது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராமல் உடம்பிலேயே வழிந்து நிற்கும். உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்? ஒரே தூரத்தைக் காலை ஐந்து மணிக்கு ஓடுவதும் எட்டரைக்கு ஓடுவதும் வேறு வேறு வேலை என்பதைப் பிறகு நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் அந்த நேரத்தில் தோட்டத்துச் சடக்கு, அதாவது சாலை, கும்மிருட்டு. முதல் வாரம் கைப்பேசி வெளிச்சத்தில் ஓடினேன். கை ஆடும்போது வெளிச்சமும் ஆடியது. செம்பனைத் தோட்டத்தில் பாம்பை விட எனக்குப் பயம் உதிரிப்பழம்தான். குலை ஏற்றிய லாரியிலிருந்து விழுந்து சடக்கெல்லாம் கிடக்கும். மிதித்தால் கோலிக்குண்டு மாதிரி உருளும், கணுக்கால் மடங்கிவிடும். இரண்டு தடவை விழுந்தேன். இரண்டாவது தடவை முழங்கையில் இரத்தத்தோடு வந்தபோது அத்தை ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். அதற்குள் அவர் பால் வெட்டப் போனபோது நெற்றியில் கட்டிய தலை விளக்கு. முப்பது வருடப் பொருள். வார் இற்றுப்போய் இருந்தது. கண்ணாடி மூடியின் ஓரத்தில் காய்ந்த பால் கறுத்து, பிசினாக ஒட்டியிருந்தது. அத்தை அதைச் சுரண்டாமல் அப்படியே விட்டார். என் மகளின் பள்ளிப் பாவாடைக்கு வாங்கி வைத்த எலாஸ்டிக்கை எடுத்து, என் தலையைச் சுற்றி அளந்து, இரட்டைத் தையல் போட்டுப் புது வார் தைத்தார். என் கணவர் உள்ளே புது பல்பும் பேட்டரியும் மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து டிசம்பர் வரை நான் ஓடிய ஒவ்வொரு விடியற்காலையும் அந்த வெளிச்சத்தில்தான்.

அடுத்து எங்கள் வாத்தியார் ஐயா. தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். என்னைக் குறுக்கோட்டத்தில் ஓட விட்டவரும் அவர்தான், முப்பது வருடத்துக்கு முன்னால். வீட்டுக்குப் போய்க் கேட்டபோது ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் பத்து மாதத்துக்கும் அட்டவணை எழுதிக் கொடுத்தார். முதல் நாள் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு நிமிடம் நடப்பதற்குப் பெயர் ஓட்டமா என்று கேட்டேன். ஐயா சொன்னார்: "1998ல கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில நம்ம ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடையில தங்கம் வாங்கினாரு. நடந்தே வாங்கினாரு. நடக்கறதுக்கு எதுக்கு வெட்கம்?" அதற்கப்புறம் நான் வெட்கப்படவில்லை.

வேகம் சரியா என்று பார்க்க அவர் சொன்ன வழி இது: ஓடிக்கொண்டே ஏழாம் வாய்பாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இரண்டு வரிக்கு ஒரு மூச்சு என்று நிதானமாக வந்தால் வேகம் சரி. வரிக்கு நடுவில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம், குறைக்க வேண்டும். செம்பனைக்கு நடுவில் தனியாக ஒருத்தி "ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு" என்று சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டுப் பழகிய தொழிலாளர்கள், பெரட்டுக்கு, காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போகும்போது மீதியை எனக்காகச் சொல்லி முடிப்பார்கள். அவர்களுக்கும் என் நன்றி.

ஐயா சொன்ன இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். மே மாதம் கால் கொஞ்சம் பழகியதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரே வாரத்தில் நான்கு கிலோமீட்டரைக் கூட்டிவிடலாமா என்று கேட்டேன். அவர் என் பாட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், 1960இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று லயம் லயமாகச் சொன்னார்கள். அவர் நம் சுங்கை சிப்புட் மண்ணில் பிறந்தவர் ஆயிற்றே, நம் ஊரில் அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும்! "உன் பாட்டி பத்துப் பத்து வெள்ளியாத்தான் கொடுத்துச்சு. ஒரே நாள்ல கொடுக்கணும்னா யாராலயும் கொடுத்திருக்க முடியாது. கிலோமீட்டரும் அப்படித்தான்" என்றார்.

கேட்டேனா? கேட்கவில்லை. ஜூலையில் அவருக்குத் தெரியாமல் கூட்டினேன். இரண்டு வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு ஓரமாக வலி பிடித்தது. படி இறங்க முடியவில்லை. அப்போது காப்பாற்றியவர் அரசாங்க கிளினிக்கில் வேலை செய்கிற ஒரு தாதி. மலாய்க்காரர், அவரும் ஓடுகிறவர். என் நோட்டைப் புரட்டிப் பார்த்து, எந்த வாரத்தில் தூரம் எகிறியது என்பதில் விரலை வைத்துக் காட்டினார். எலும்பும் தசையும் மூச்சைப் போலச் சீக்கிரம் பழகாது என்றார். இரண்டு வாரம் ஓட்டம் கிடையாது. படியின் விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும், பதினைந்து தடவை, மூன்று சுற்று, தினமும். தேய்ந்த காலணியை மாற்றச் சொன்னார். தார்ச் சடக்கைக் குறைத்துச் செம்மண் சடக்கில் ஓடச் சொன்னார். மூன்றாவது வாரம் வலி இல்லாமல் இரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு அவருக்குக் கூப்பிட்டேன். தொலைபேசியிலேயே இருவரும் சத்தம் போட்டுச் சிரித்தோம். தெரிமா காசே, காக். நன்றி, அக்கா.

தண்ணீர்க் கணக்கும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்க வேண்டும், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. தினமும் நான் செய்கிற வேலைதானே! லாரி குலையோடு வரும்போது ஒரு எடை, கொட்டிவிட்டுப் போகும்போது ஒரு எடை, வித்தியாசம்தான் பழம். பத்துக் கிலோமீட்டருக்கு எனக்கு 1.3 கிலோ போயிருந்தது. வழியில் நான் குடித்தது ஒரு சின்னப் பாட்டில். பதினொன்றாவது, பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஏன் தலை சுற்றியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் காப்பிக்கடைத் தவுக்கேயின் (முதலாளியின்) மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் பார்லித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, இரண்டு பாட்டில் கட்டி, கடை வாசல் மேசையில் வைத்துவிடுவார். காசு வாங்கியதே இல்லை.

தோட்டத்து கேட்டில் காவல் இருக்கிற ஜாகா ஒரு நேப்பாளத் தம்பி. தமிழ் தெரியாது. அவருக்கும் எனக்கும் பொதுவாகத் தெரிந்தது கொஞ்சம் மலாய் மட்டும்தான். முதல் நாள் என்னை நிறுத்தி, லாரி எண் எழுதுகிற புத்தகத்தில் என் பெயரையும் எழுதினார். உள்ளே 5.10. திரும்பி வரும்போது வெளியே 6.20. நான் சொல்லாமலேயே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்: சொன்ன நேரத்துக்கு மேல் கால் மணி ஆனால் மோட்டாரை எடுத்துக்கொண்டு தேடி வருவார். அக்டோபரில் ஒரு நாள் இடியும் மழையுமாகக் கொட்டியது. 2006 என்று நடவு ஆண்டு எழுதிய பலகைக்குப் பக்கத்தில், மரத்தடியில் நிற்கவும் பயம், வெட்டவெளியில் நிற்கவும் பயம் என்று நனைந்துகொண்டிருந்தேன். தூரத்தில் ஒற்றை விளக்கு வந்தது. அவர்தான். தன் மழைக்கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, நனைந்துகொண்டே என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். அவருக்கும் ஊரில் ஓர் அக்கா இருக்கிறாராம். தம்பி, நாற்பது வயதுப் பெண் ஒருத்தி விடியாத நேரத்தில் தனியாகத் தோட்டத்துக்குள் ஓட முடிந்தது என்றால், உங்கள் புத்தகத்தில் அவள் பெயர் இருந்ததால்தான். என் வீட்டார் நிம்மதியாக இருந்ததும் அதனால்தான்.

லாரி அண்ணன்களுக்கும் சொல்ல வேண்டும். எடைமேடையில் என்னிடம் சீட்டு வாங்குகிறவர்கள்தான் எல்லாரும். என் தலை விளக்கைத் தூரத்தில் பார்த்ததுமே பெரிய விளக்கை இறக்கி, வேகத்தைக் குறைத்து, புழுதி கிளப்பாமல் போவீர்கள். ஒருவர் தவறாமல் அப்படிச் செய்தீர்கள். என் கணவருக்கு: ஞாயிற்றுக்கிழமை பசியாறும் வேலையும் பிள்ளைகளும் உங்கள் பொறுப்பு என்று நீங்களாகவே எடுத்துக்கொண்டீர்கள். வீட்டில் நிறையச் சொல்லிவிட்டேன், இங்கே இது போதும்.

நவம்பரில் அதிகபட்சமாக 18 கிலோமீட்டர் ஓடினேன். முழுத் தூரத்தையும் ஒரு தடவை ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்று அடம் பிடித்தேன். "மிச்ச மூணைப் பாலத்துக்கு வையி" என்று ஐயா விடவில்லை. கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, தூங்கச் சொன்னார். இந்தத் தடவை அவர் பேச்சை மீறவில்லை.

பினாங்குக்கு ஒரு வேனில் ஒன்பது பேர் போனோம். முழங்கால் வலியால் ஐயா வரவில்லை. அத்தை வந்தார். விடிவதற்கு வெகு முன்பே புறப்பாடு. பாலத்தில் ஏறியதும் கடல்காற்று முகத்தில் அடித்தது. 1985இல் திறந்த பாலம் அது, மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர். சின்ன வயதில் பேருந்து ஜன்னலில் பார்த்ததோடு சரி. அதன் மேல் என் காலால் ஓடுகிறேன் என்ற நினைப்பிலேயே முதல் பத்துக் கிலோமீட்டர் போய்விட்டது. பதினேழில் கால் இரண்டும் கல்லாகிவிட்டன. வாய்பாடு சொல்ல ஆரம்பித்தேன். ஆறேழு நாற்பத்திரண்டில் குரல் உடைந்து அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் ஓடிய ஒரு சீனப் பெரியவர் ஒன்றும் கேட்காமல் என் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்து, அடுத்த தண்ணீர் மேசை வரை கூடவே வந்தார். பெயர் கேட்கத் தோன்றவில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள் ஐயா.

முடிவுக் கோட்டுக்கு அப்பால் அத்தை நின்றிருந்தார். பதக்கத்தை அவர் கழுத்தில் போட்டேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அப்படியே குனிந்து என் கணுக்காலைத் தொட்டு, வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். பால்கத்தி பிடித்துக் காய்த்துப்போன அந்த விரல்கள் என் காலில் பட்ட இடம் இன்னும் எனக்குத் தெரிகிறது.

போன வாரம் மீண்டும் இரத்தம் சோதித்தேன். 5.5. டாக்டர் தாளை இரண்டு தடவை பார்த்தார்.

அத்தை, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆலையில் என்னோடு வேலை செய்கிற பொண்ணு, 24 வயது, திங்கட்கிழமையிலிருந்து ஓட வருகிறேன் என்கிறாள். ஜாகா தம்பியிடம் பெயர் சொல்லிவிட்டேன். ஐயா அட்டவணை எழுதிக்கொண்டிருக்கிறார். எனக்கு வேறு விளக்கு வாங்கிக்கொள்கிறேன், உங்களுடையதை அவளுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அவள் தலை சின்னது. வாரை ஓர் அங்குலம் பிடித்துத் தைத்துக் கொடுங்கள்.