42-இல் 17 போனால் 35?

ஆசிரியருக்கு,

அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். அதில் பிள்ளைகளைக் கற்றல் அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரிப்பது சரியே. ஆனால் பருவ முடிவில் விடை தவறு என்று குறித்தால் மட்டும் போதாது. எங்கே தவறியது என்றும் பார்க்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் பலர். 2-இல் 7 போகாது என்பதால் 7-இல் 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். இது கவனக்குறைவு அன்று. அந்த 4 நான்கு பத்துகள் என்பது மனத்தில் பதியவில்லை.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, நான்கு கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்கச் சொன்னால் கையில் 12 உதிரி இருக்கும். ஏழை எடுத்தால் மீதி ஐந்து. கரும்பலகையில் ‘கடன் வாங்கு’ என்று எத்தனை முறை சொன்னாலும் இது விளங்காது. அடுத்த பருவப் புத்தகம் வந்ததும் புதுப்பாடத்துக்குத் தாவாமல், முதல் வாரக் கணக்கு வகுப்புகளை இந்தக் கட்டுகளுக்கே ஒதுக்கலாம்.